சோறு இறங்காத நோய்

ஈட்டிங் டிஸார்டர் என்றாலே மேல்நாட்டுக்காரங்க நோய் என்று நம்மூரில் ஒரு எண்ணம். வில்லியம் கல் லண்டனில் 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயர் வைத்தது 1870களில். இந்தியாவில் தேடினால் 1995 முக்கியமான வருடம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள்: சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, எடை இறக்கம், மாதவிலக்கு நின்றுபோதல். ஆனால் பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி தன் உடம்பைக் குண்டாகப் பார்க்கிற சிக்கல் அவர்களிடம் இல்லை. அதே வருடம் டி.என். சீனிவாசன் குழு சென்னை மருத்துவ மாணவர்களிடம், முழு நோய் அளவுக்குப் போகாத ஒரு உண்ணல் அவதியைப் பதிவு செய்தது.

என்னைக் கேட்டால் அந்த ஐந்து பேர் கதைதான் பெரிசு. 'குண்டாயிடுவேன்' என்று சொல்லாத பொண்ணை வீட்டில் முதலில் வயிற்று டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோபி. மனநல மருத்துவரிடம் வருவதற்குள் கையிருப்பு காலி.

2017 மனநலச் சட்டம், காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. சரி. ஆனா இதற்கு வேண்டியது மாசக்கணக்கில் மனநல மருத்துவர், உணவியல் நிபுணர், கவுன்சலிங். பாலிசியோ பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் காசு தரும். இ.எஸ்.ஐ. இருக்கே என்பீர்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கிடையாது.

வள்ளூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஷிப்டு வேலை பார்க்கிற வீட்டில், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு ஒருதடவை போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே வாரம் ஒருநாளாவது மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு வேணும். முதல் கேள்வி, "எப்பலேர்ந்தும்மா சோறு இறங்கலை?" என்று இருக்கட்டும்.