அக்காளின் இடுப்பு: பிள்ளை பார்ப்பதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் குழந்தை பற்றி எழுதப்பட்டவற்றை ஒருசேரப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது, எட்ட நின்று பெருமைப்படத் தகப்பன் இருக்கிறான். இவர்களுக்கு நடுவில் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த இன்னொரு ஆள் அநேகமாக இல்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமையைப் பங்கு வைக்கிறார். பெற்றுப் புறந்தருவது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. கொல்லனுக்குக்கூட இடமிருக்கிற அந்தப் பங்கீட்டில், தாய் வெளியே போன நேரத்தில் பிள்ளையை வைத்திருந்தவருக்கு இடமில்லை. அது ஒரு கடமையாகவோ வேலையாகவோ எண்ணப்படவே இல்லை.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று ஏழு பொதுவானவை. மிச்சம் மூன்றில் ஆண்பிள்ளை சிறுதேர் உருட்டுகிறது, பெண்பிள்ளை அம்மானையும் ஊசலும் ஆடுகிறது. பால் பிரிவினை அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பத்தில் பீத்துணி அலசும் பருவம் என்று ஒன்று கிடையாது. பாடப்படுகிற பிள்ளை தெய்வமோ அரசனோ என்பதால் மட்டும் நேர்ந்ததல்ல இது. குழந்தைமையைக் காட்சியாக்குகிற எந்தச் சொல்லாடலும் அதற்குப் பின்னால் இருக்கிற கையை மறைத்துத்தான் காட்சியாக்க முடியும்.

அந்தக் கை இலக்கியத்தில் அடியோடு இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. செவிலி இருக்கிறாள். நற்றிணையின் 110ஆம் பாட்டில் பொற்கலத்துப் பாலைக் குடிக்க வைப்பதற்காகச் சிறுகோலோடு பின்னாலேயே ஓடி, பிடிக்கமுடியாமல் இளைத்துப்போகிற நரைத்த செவிலியர் வருகிறார்கள். பிள்ளைக்குச் சோறூட்டிய எவருக்கும் அந்த ஓட்டம் தெரியும். தோழி என்பவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். வளர்த்தவளின் மகள் வளர்க்கப்பட்டவளுக்குத் துணையாகிறாள். ஒரு தலைமுறையின் ஊழியம் அடுத்த தலைமுறையில் நட்பு என்று பெயர் பெறுகிறது. எனக்கு ஒரு சின்னக் கேள்விதான். செவிலி பால் கிண்ணத்தோடு தலைவியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது தோழியை யார் பார்த்துக்கிட்டாங்க? அகமரபு இதற்கு வாய் திறப்பதில்லை.

2

இருபதாம் நூற்றாண்டில் தாய்மை ஓர் அரசியல் சொல்லாகிறது. நாடு தாயாகிறது, மொழி தாயாகிறது. வீரப் பிள்ளைகளைப் பெற்றுத் தருவதும் பாலோடு பற்றை ஊட்டுவதும் பெண்ணின் பொதுப்பணி என்றாகிறது. இதை நேருக்கு நேர் மறுத்தது சுயமரியாதை இயக்கம்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை கேட்டது. கர்ப்பத்தடையை மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், தேசத்தின் வறுமை என்ற காரணங்களுக்காகப் பேசியபோது, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் பெரியார். பிள்ளை பெறுவதே பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்று அவ்வளவு பச்சையாகச் சொன்னவர் இங்கே வேறு யாருமில்லை.

ஆனாலும் விவாதம் பெறுவதோடு நின்றுவிட்டது. சோதனைக் குழாயில் பிள்ளை உருவாகும் காலம் வரும் என்று 'இனிவரும் உலக'த்தில் கண்டவர் அவர். குழாயில் உருவான பிள்ளைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத்துணி மாத்தணும். அதை யார் செய்வது என்ற கேள்வியைச் சுயமரியாதைக்காரர்களைப் போலவே பொதுவுடைமைக்காரர்களும் ஓரத்தில்தான் வைத்திருந்தார்கள். ரஷ்யாவில் 1917இல் சமூகநலத்துறைக்குப் பொறுப்பேற்ற கொலந்தாய், பிள்ளை வளர்ப்பு சமூகத்தின் பொறுப்பு என்று எழுதியதெல்லாம் இங்கே வாசிக்கப்பட்டது. வாசித்த தோழர்களின் வீட்டில் பிள்ளை யார் இடுப்பில் இருந்தது என்பது வேறு கதை.

3

பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியை முதலில் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுவந்தது கருணையல்ல, ஆலை. பம்பாய்ப் பஞ்சாலைக்குப் போன பெண்கள் பிள்ளைக்கு அபின் கலந்த 'பால கோலி' உருண்டையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். அழுதால் பார்க்க ஆளில்லை, வேறு வழியும் இல்லை. 1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் தந்த அறிக்கையில் ஆலைகளில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்றது. பிரசவகால உதவிச் சட்டம் பம்பாயில் 1929இலும் சென்னை மாகாணத்தில் 1934இலும் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொன்னது. 1976இல் அந்த 50, 30 ஆனது. இன்றைக்கு அந்தச் சட்டங்கள் 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டன.

கணக்கைக் கவனியுங்கள். எல்லாச் சட்டமும் பெண்களைத்தான் எண்ணியது. ஓர் ஆலையில் 500 ஆண்கள் வேலை பார்த்து, அவர்களுக்கு 1000 பிள்ளைகள் இருந்தாலும் காப்பறைக்கு அவசியம் எழவில்லை. ஆணுக்குப் பிள்ளை உண்டு, பிள்ளைச் சுமை கிடையாது என்பதைச் சட்டம் ஒரு சொல்கூடச் சொல்லாமலே சொல்லிவிட்டது. 2017இல் பிரசவகாலச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 50 ஊழியர்கள் என்று ஆண்பெண் சேர்த்து எண்ணும் வழக்கம் வந்தது. அதற்குள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

தோட்டங்களின் கதை இன்னும் வெளிப்படையானது. இலங்கை மலையகத்தில் 'பிள்ளைக் காம்பரா' என்றும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை' என்றும் நம்மவர்கள் பெயர் வைத்த இடங்கள் உண்டு. கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல் வேண்டும், விடியற்காலைப் பால் வெட்டுக்கும் பெண் வேண்டும். அந்த விரலை விடுவிக்கப் பிள்ளையை எங்காவது போட்டாக வேண்டும். முதலாளிக்குத் தேவைப்பட்ட இடத்தில் பிள்ளைப் பராமரிப்பு 'தாயின் புனிதக் கடமை' என்ற பேச்சு சட்டென்று மௌனமாகிவிடுவதை இங்கே பார்க்கலாம்.

ஆலையும் தோட்டமும் இல்லாத வயலில் என்ன நடந்தது? கீழத்தஞ்சையில் 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் பண்ணையாட்களைத் திரட்டிய காலத்தின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பேச்சு உண்டு. வரப்பு மரத்தில் கட்டிய ஏணையில் பிள்ளை வீறிட்டுக் கத்தும், நடவுச் சேற்றில் நிற்கிற தாய் கரையேறிப் பால் கொடுக்க முடியாது என்பது அது. 1944ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்ததாகத்தான் நாம் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் ஒடுக்குமுறை சாட்டை வடிவில் முதுகில் மட்டும் இறங்கவில்லை, கட்டிப்போன மார்பிலும் இறங்கியது. அந்த ஏணைக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை ஒன்று இருந்திருக்கும். இயக்க வரலாற்றிலும் அவளுக்குப் பேரில்லை.

4

அவளைத்தான் நான் தேடுகிறேன். ஏனென்றால் நான் வளர்ந்தது அப்படி ஒரு இடுப்பில்.

1970களில், கரிசக்காட்டில், எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். ஆபீஸ் என்றால் ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம். அங்கே பிள்ளைக்கென்று அறை எதுவும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. கைத்தீப்பெட்டித் தொழில் வரிச்சலுகைக்காகச் சின்னச் சின்ன அலகுகளாகப் பிரிந்து கிடந்தது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவர்களோ எந்த ஆபீசின் கணக்கிலும் இல்லாதவர்கள். 50 பெண்கள் என்ற சட்டத்தின் எண்ணிக்கை எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

எனக்கும் அக்காளுக்கும் ஏழு வயசு வித்தியாசம். எனக்குப் பின்னால் தம்பி. அக்காள் அஞ்சாம் வகுப்போடு நின்றாள். யாரும் அவளை நிறுத்தவில்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், அப்படி ஒரு நாள் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று ரெண்டு நாள், அம்மாவுக்கு ஆபீசில் அவசர லோடு என்று ஒரு வாரம். இப்படியே போகாமல் போனது. அவளுடைய இடது இடுப்பு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பாவாடை அந்தப் பக்கம் எப்போதும் ஈரம். பாண்டி ஆடும்போதுகூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நொண்டுவாள். மற்ற பிள்ளைகள், "அதை எறக்கிவிட்டுட்டு வாடி" என்று கத்துவார்கள். எறக்கி விட்டால் தம்பி மண்ணைத் தின்பான்.

இந்த உழைப்புக்கு நம்மிடம் இருக்கிற ஒரே சொல் பாசம். "தம்பி மேல உசுரையே வச்சிருக்கா." அது பொய்யில்லை. பாசம் என்று பெயரிட்டதும் கூலி, நேரம், ஓய்வு, பள்ளிக்கூடம் என்ற எந்தக் கேள்வியையும் கேட்க முடியாமல் போகிறது என்பதுதான் விஷயம். 1972வாக்கில் இத்தாலியின் மரியரோசா டல்லா கோஸ்தாவும் செல்மா ஜேம்சும் வீட்டு வேலைக்குக் கூலி என்ற கோரிக்கையை எழுப்பியபோது மையத்தில் நின்றவள் மனைவி. நம் சூழலில் அந்தக் கோட்பாட்டை ஒரு படி கீழிறக்க வேண்டியிருக்கிறது. இங்கே கூலியில்லாத வேலையை ஒரு பெண் கூலி வேலைக்குப் போவதற்காகத் தன் மகளிடம் கைமாற்றுகிறாள். சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒரு சிறுமி.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் அவள் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் பிள்ளை பார்ப்பதைத் தொழிலாகக் கருதவில்லை. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களைப் பணியமர்த்துவதை முற்றிலும் தடைசெய்தது. அதே கையோடு, பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்று விலக்கும் தந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன சிறுமி ஆய்வறிக்கைகளில் வந்தாள், படங்களில் வந்தாள். தங்கள் தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதற்காக வீட்டில் நின்றவள் எதிலும் வரவில்லை.

அவளைக் கண்டுபிடித்த ஒரு கல்வியாளரை இங்கே சொல்லியாக வேண்டும். மராட்டியத்தின் தாராபாய் மோடக். 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டியிலும் பிறகு ஆதிவாசிகள் வாழும் கோஸ்பாடிலும் அனுதாய் வாக்கோடு சேர்ந்து வேலை செய்தவர். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியைச் சேரி முற்றத்துக்குக் கொண்டுபோனார். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பேரே அங்கிருந்து வந்ததுதான். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் பெண்பிள்ளை உள்ளே வர வேண்டுமானால் இடுப்புப் பிள்ளைக்கும் உள்ளே இடம் வேண்டும். ஆகவே காப்பகம், பால்வாடி, ஆரம்பப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். சாதாரண ஏற்பாடுதான். ஆனால் அது அக்காளை ஒரு மாணவியாகப் பார்த்த ஏற்பாடு.

தமிழ்க் காதுக்குப் பால்வாடியில் பால் கேட்கிறது. மராத்தியில் அது பாலகரின் வாடி. நாம் அதைப் பாலாகவும் சத்துமாவாகவும் சோறாகவும் புரிந்துகொண்டதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த சத்துணவுத் திட்டம், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவு என எல்லாமே பசியைத்தான் முதலில் பார்த்தன. பசி இருந்தது, பார்த்தது நல்லது. 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளை பகலில் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதன் பக்கவிளைவாகப் பல அக்காள்களின் இடுப்பு காலியானது. இது எந்தத் திட்ட ஆவணத்தின் முதல் நோக்கமும் அல்ல. ஆனால் கிராமங்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போன கதையை எழுதுகிறவர்கள் சோற்றோடு சேர்த்து இதையும் எழுத வேண்டும்.

5

எனக்குப் பிள்ளைகள் பிறந்து நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தபோது அக்காள்தான் வந்தாள். வடிச்ச சோற்றைக் குழையப் பிசைந்து, பருப்புத் தண்ணி விட்டு, காக்கா காட்டி ஊட்டினாள். தொட்டிலை ஆட்டினாள். தாலாட்டில் மாமன் தங்கச் சங்கிலியோடு வந்தான். ஆட்டுகிறவள் அதில் இல்லை. அவளே பாடியும்கூட அவள் அதில் இல்லை. இப்படி ரெண்டு தலைமுறையை வளர்த்த அவள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் வீட்டுக் கடமைகள் செய்பவள், அதாவது உழைப்பாளர் அல்லாதவள். என் சம்பளம் தேசிய வருமானத்தில் சேர்ந்தது. அதைச் சாத்தியமாக்கியவளின் பகல் சேரவில்லை.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. அடுப்பில் உலையும் மடியில் பிள்ளையுமாக இருக்கிற நேரத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்ற சிக்கல் ஒருபுறமிருக்க, எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தக் கணக்கு 6 வயதிலிருந்து தொடங்குகிறது. 6 வயசிலேயே வேலை ஆரம்பித்துவிடும் என்பது அரசின் புள்ளிவிவரத்துக்குத் தெரிந்திருக்கிறது, சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு சின்ன விதி இருந்தது. வேலையிடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே அவளுக்கும் கொடுக்க வேண்டும். மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலிக்குரிய வேலை என்று எழுதப்பட்ட அந்த வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது. நூறு நாள் வேலை பற்றி இவ்வளவு போராடிய நாம் அந்த வரிக்காக எத்தனை இடத்தில் போராடினோம்? அங்கன்வாடிப் பெண்களை வெகுகாலம் 'மதிப்பூதியம்' வாங்கும் தொண்டர்களாகவே வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. பிள்ளை பார்ப்பது பாசம் என்று வீட்டில் சொன்னோம். அரசு அதையே தொண்டு என்று மாற்றிச் சொல்லியது. ரெண்டும் ஒரே சொல்தான்.

குழந்தைக் காப்பகம் என்பதைத் தாயின் வேலைவாய்ப்புப் பிரச்சினையாகவே இயக்கங்கள் பேசி வந்திருக்கின்றன. அது மூத்த பெண்பிள்ளையின் கல்விப் பிரச்சினையும்கூட. அங்கன்வாடி சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுகிறது. களையெடுக்கப் போனவளும் பனியன் கம்பெனிக்குப் போனவளும் இருட்டித்தான் வருகிறார்கள். அந்த இடைப்பட்ட மணிநேரங்களை இப்போதும் யாரோ ஒரு சிறுமிதான் நிரப்புகிறாள். மூணு வயசுக்குட்பட்ட பிள்ளைக்கோ அநேக ஊர்களில் பகல் முழுக்கவும் இடமில்லை. வேலை நேரமும் காப்பக நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், மூணு வயசுக்குக் கீழேயும் இடம் வேண்டும், பார்க்கிறவளுக்குச் சம்பளம் வேண்டும். கோட்பாடு எதுவும் தேவைப்படாத கோரிக்கைகள்தான் இவை. உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று எண்ணும்போது, அவர்கள் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.