மதிப்பெண் ஏறிய மேளம்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் சாலைகளுள் ஒன்று கேரளத்துக்குள் நுழையும் சோதனைச்சாவடி ஊர் வேலந்தாவளம். தமிழ் பரவலாக வழங்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்த இவ்வூர் வழியே, பாலக்காட்டுச் செண்டைக் குழுக்கள் கொங்கு நாட்டுக் கோயில்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வந்துபோவது இன்று பழகிய காட்சியாகிவிட்டது. எனினும் இக்குழுக்களின் உலகில் வெற்றி என்பது எதனைக் குறித்தது, அக்கருத்து எப்போது மாறியது என்று அறிய விரும்புவோர், எல்லையை விட்டு மேலும் மேற்கே, நெம்மாறை, பல்லாவூர் ஆகிய ஊர்களின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

நெம்மாறையும் வல்லங்கியும் அடுத்தடுத்த இரு தேசங்கள். தேசம் என்பது இப்பகுதியில் ஒரு கோயில் திருவிழாவைப் பங்கிட்டு நடத்தும் ஊர்ப்பிரிவு. நெல்லிக்குளங்கரை பகவதி கோயிலுக்காக மீன மாதம் இருபதாம் நாள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், அறுவடை முடிந்த வயல்களில் நடைபெறும் வேல என்னும் விழாவில், இவ்விரு தேசங்களும் யானை அணியிலும் பந்தல் அலங்காரத்திலும் வாணவேடிக்கையிலும் போலவே வாத்தியத்திலும் ஒன்றையொன்று விஞ்ச முயல்கின்றன. ஆனால் இப்போட்டிக்கு நடுவர் கிடையாது, பரிசும் கிடையாது. எந்தத் தேசம் வென்றது என்பதை அவரவர் திண்ணையில் அடுத்த வேல வரும்வரை பேசித் தீர்த்துக்கொள்வார்களேயன்றி, யாரும் மேடையேறி அறிவிப்பதில்லை.

அறிவிப்பு இல்லை என்பதால் அளவுகோலும் இல்லை என்று கொள்ளுதல் பிழையாகும். திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்து கருவிகள் சேரும் பஞ்சவாத்தியத்தில், பதிகாலம் எனப்படும் தொடக்கப் பகுதியின் ஒரு தாளச் சுற்று 896 அட்சரங்கள், அதாவது தாள அலகுகள், கொண்டது. அது 448, 224, 112 என்று பாதி பாதியாகக் குறைந்து 7 அட்சரத்தில் முடியும்வரை, பல்லோர் சேர்ந்த குழு இரண்டு மூன்று மணி நேரம் தாளத்தைக் கைவிடாமல் நடத்திச் செல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடமாகிய கலாசத்தில் எல்லோர் கையும் ஒன்றாக வந்து விழுகிறதா, பிரமாணி எனப்படும் தலைமைக் கலைஞர் வேகத்தை ஏற்றும்போது கடைசி வரிசையில் நிற்கும் இலைத்தாளக்காரர் வரை அதனைத் தாங்குகிறாரா என்பதே கேட்பவர் இட்ட தேர்வு. தேறிய குழுவுக்குக் கிடைத்தது மறு ஆண்டின் அழைப்பு. குழுவின் உறுதியை வைத்து ஒருவரை மதிப்பிடும் இம்முறையில், தனியொருவரின் கைவேகத்துக்கு இருந்த இடம் சிறியதே.

பஞ்சவாத்தியத்துக்கு இந்த நீண்ட வடிவம் தொன்றுதொட்டு இருந்ததன்று. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி என்னும் மத்தளக் கலைஞரும் அவர் காலத்துத் திமிலைக் கலைஞர்களும் 1930களை ஒட்டி அதனைச் செப்பனிட்டு வளர்த்தனர். பாலக்காட்டு எல்லை வாத்திய வரலாற்றில் தமிழர் பங்கைத் தேடுவோர் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுவே. தாயம்பகை என்னும் தனிச் செண்டை வாசிப்பிலோ பல்லாவூர்ச் சகோதரர்களாகிய அப்பு மாரார் (1928–2002), மணியன் மாரார், குஞ்ஞுக்குட்ட மாரார் ஆகியோர் புகழ்பெற்றனர். இருவர் மூவர் ஒரே மேடையில் தாயம்பகை வாசிக்கும்போது, ஒருவர் தொடுத்த சொற்கட்டை அடுத்தவர் ஏற்றுப் பெருக்கித் திருப்பித் தருவார்; அதனைப் போட்டி என்பதா, துணை என்பதா என்று பிரித்துச் சொல்லுதல் அரிது.

1957 ஜனவரி முதல் நாளில் பாலக்காடு மாவட்டம் உருவாகி, முன்பு கொச்சி அரசைச் சார்ந்திருந்த சித்தூரும் அதில் சேர்ந்தது. அதே மாதத்தில் எர்ணாகுளத்தில் கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழா முதன்முறையாக நடைபெற்றது. காலப்போக்கில் செண்டைமேளம், பஞ்சவாத்தியம், தாயம்பகை ஆகியவை அவ்விழாவில் போட்டிகளாக இடம்பெற்றபோது, கோயில் வாத்தியத்துக்கு முதன்முறையாக நடுவரும் மதிப்பெண்ணும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் முரசும் பித்தளைக் குழலும் கொண்ட இளைஞர் அணிகள் 1972 முதல் தேசிய அளவில், நூறு மதிப்பெண்ணுக்குப் பின்னக் கணக்கில் தரப்படுத்தப்படுவதோடு இதனை ஒப்பிடலாம். எனினும் அவ்வணிகள் போட்டிக்கென்றே வளர்ந்தவை, பஞ்சவாத்தியம் அவ்வாறு வளர்ந்ததன்று.

இம்மாற்றத்தை வெறும் இழப்பு என்று தள்ளிவிட இயலாது. கோயில் மதிலுக்குள் மாரார் முதலிய மரபுக் குடும்பங்களின் உரிமையாக இருந்த வாத்தியம், பள்ளி மேடையில் பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் மாணவியருக்கும் உரியதாயிற்று. அதற்கு ஈடாக, மணிக்கணக்கான வாசிப்பு நிமிடங்களுக்குள் அடக்கப்பட்டது. பதிகாலத்தின் நிதானத்தை நடுவர் முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு இல்லாது போயிற்று. கலைவிழாவில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபை என்னும் தனிப்பட்டங்கள் பூசலுக்கு இடமாகி, 2006ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டன; தரவரிசைக்குப் பதிலாக கிரேடு முறை வலுப்பெற்றபோது, ஒரே போட்டியில் பல குழுக்கள் உயர் தரம் பெறுவது இயல்பாயிற்று. ஒரு குழு நன்கு வாசித்தது என்பதற்காக மற்றது தோற்க வேண்டியதில்லை என்னும் இந்த ஏற்பாடு, நெம்மாறை வயலின் பழைய வழக்கத்துக்கு மதிப்பெண் பட்டியலைவிட நெருக்கமானது.

ஆயினும் மாவட்டங்களுக்கிடையிலான கணக்கு ஒழியவில்லை. பாலக்காடு மாவட்டம் 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் விழாக்களில் அடுத்தடுத்து, முதலிடம் பெறும் மாவட்டத்துக்குரிய 117½ பவுன் தங்கக் கோப்பையை வென்றது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவிலோ 1007 புள்ளிகள் பெற்றும், 1008 பெற்ற திருச்சூரிடம் ஒரே புள்ளியில் அதனை இழந்தது.