கோட்டை எரிந்தது, அரண்மனை நின்றது

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், பழைய கோட்டைகள் கலைக்கூடங்களாக மாறியிருப்பதைக் கண்டு வியந்து திரும்புகிறார்கள். பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கோட்டையாக எழுந்ததுதான். தஞ்சையில் நாயக்கர் கால அரண்மனைக்குள் 1951-இல் கலைக்கூடம் அமைந்து, சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே காக்கப்படுகின்றன.

அப்படியானால் ஜொகூரில் என்ன இருக்கிறது?

ஜொகூரிலும் கோட்டை இருந்தது. ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்த ஜொகூர் லாமா கோட்டையைப் போர்த்துகீசியர் 1587-இல் தாக்கி அழித்தனர். மரமும் மண்ணும் கொண்டு எழுப்பப்பட்டவை தீக்கும் மழைக்கும் எத்தனை காலம் தாங்கும்? ஆகவே, ஜொகூரின் வரலாற்றை நேரில் காண விரும்புபவர் நாட வேண்டிய இடம், ஜொகூர் பாருவில் சிங்கப்பூரை நோக்கி நிற்கும் இஸ்தானா பெசார் என்னும் பெரிய அரண்மனையாகும்.

அரண்மனை சொன்ன செய்தி

இதைக் கட்டியவர் அபு பாக்கார். 1862-இல் தெமெங்கோங் பதவிக்கு வந்த அவர், 1866-இல் இந்த அரண்மனையைக் கட்டி முடித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்துக்கும் சென்று வந்தார். அன்று அவருடைய நாட்டின் முக்கிய வருமானம் சீனக் குடியேறிகள் பயிரிட்ட மிளகும் காம்பிர் செடியும்தான்.

அந்தப் பணத்தில் மேலைநாட்டுப் பாணியில் அரண்மனை எதற்கு? ஆடம்பரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குறுகிய நீரிணைக்கு அப்பால் வெள்ளையர் ஆட்சி. 'ஆளத் தெரியாதவர்கள்' என்று சொல்லித்தான் அவர்கள் நாடுகளைக் கையகப்படுத்தினர். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது என்பதில் அபு பாக்கார் உறுதியாக இருந்தார். வந்த விருந்தினரை அவர்களுக்குச் சமமான மண்டபத்தில் அமர்த்திப் பேசினார்.

1885-இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில் பிரிட்டன் அவரைச் சுல்தான் என்று ஏற்றது. 1895-இல் ஜொகூருக்கு எழுத்து வடிவில் அரசியலமைப்பும் தந்தார். அதே ஆண்டில் இலண்டனில் காலமானார். 1896-இல் நான்கு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷாரின் கூட்டமைப்புக்குள் போனபோது ஜொகூர் வெளியே நின்றது. பிரிட்டிஷ் ஆலோசகரின் அதிகாரம் அங்கே முழுமையாக நுழைய 1914 வரை ஆனது.

மக்களுக்குத் திறந்த கதவு

இந்த அரண்மனை 1990-இல் அபு பாக்கார் அரச அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. அரியணை, கிரிஸ் வாட்கள், வெளிநாட்டுப் பரிசுகள், படிகக் கண்ணாடி மேசை நாற்காலிகள், வேட்டையாடப்பட்ட புலிகள் என்று ஓர் அரச குடும்பத்தின் வாழ்க்கையே அங்கே காட்சிக்கு வந்தது. பின்னர் சீரமைப்புக்காக நெடுநாள் மூடப்பட்டது. ஆகவே போக நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனாலும் இது உயிரற்ற கட்டடமன்று. 2015-இல் சுல்தான் இப்ராஹிமின் முடிசூட்டு விழா இங்கேதான் நடந்தது.

நமக்கும் ஒரு பங்கு

இந்த வரலாற்றில் தமிழருக்கு என்ன பங்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நகரின் நடுவே 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் ஆலயமே அதற்குப் பதில். அபு பாக்காரின் மகன் சுல்தான் இப்ராஹிம் வழங்கிய நிலத்தில் அது அமைந்தது. மன்னருக்கு நன்றியாகவே 'ராஜ' என்ற சொல் அம்மன் பெயரோடு சேர்ந்தது.

ஆனால் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயன் வீடுகள் எங்கே? பால் வாளி எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு அந்த அடையாளங்களும் மறைந்து வருகின்றன.

அரண்மனையைக் காக்க அரசு இருக்கிறது. லயன் வீட்டின் நினைவைக் காக்க அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள்தாம் இருக்கிறார்கள். ஒரு பழைய பால்வெட்டுக் கத்தியையும் ஒரு புகைப்படத்தையும் பெயர் எழுதிப் பத்திரப்படுத்தினாலே போதும், அங்கிருந்து ஓர் அருங்காட்சியகம் தொடங்கிவிடும். ஜொகூர் லாமா தரும் பாடம் இதுதான்: காக்காமல் விட்டதை மண் எடுத்துக்கொள்ளும்.