முடிவில்லாக் கதைகளின் முடிவு

ஆங்கிலத்தில் 'ஸோப் ஆபெரா' என வழங்கும் தொடர்நாடகத்துக்குத் தமிழ்ப் பெயர் சூட்டப் புகுந்தால் நாம் சற்றுத் தயங்க நேரிடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சோப்பு இசைநாடகம்' என்றாகி நகைப்புக்கு இடமளிக்கும். ஆயினும் அதன் சரித்திரம் முழுவதும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

1930-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகர வானொலி நிலையமொன்று, முன்னாள் ஆசிரியையான இர்னா ஃபிலிப்ஸ் எழுதிய 'பெயின்டட் டிரீம்ஸ்' என்னும் தொடர்நாடகத்தை ஒலிபரப்பத் தொடங்கிற்று. பகற்பொழுதில் வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருந்த பெண்களே இத்தகைய நாடகங்களின் நேயர்கள். வீட்டுக்குச் சோப்பு வாங்குவோரும் அவர்களே. இதை உணர்ந்த பிராக்டர் அண்டு காம்பிள் முதலிய கம்பெனிகள் நாடகச் செலவை ஏற்றுக்கொண்டன.

1933-இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' நாடகத்தில் முதிய விதவையாக நடித்த விர்ஜினியா பெய்னுக்கு அப்பொழுது வயது 23. இருபத்தேழு ஆண்டுகள் அவர் குரலே அமெரிக்க இல்லங்களில் ஒலித்தது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. விளம்பரப் பணம் அதை நாடிச் சென்றது. ஊர்தோறும் இருந்த இணைப்பு நிலையங்கள் நாடக நேரத்தைத் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளுக்காகக் கேட்டன. 1960 நவம்பர் 25 அன்று சி.பி.எஸ். நிறுவனம் தன் வானொலியில் எஞ்சியிருந்த தொடர்களை ஒரேயடியாக நிறுத்தியது. அன்று பெய்ன் நேயர்களுக்கு நன்றி கூறி விடைபெற்றார்.

தொலைக்காட்சியிலும் இதே கதை திரும்ப நிகழ்ந்தது. 1937-இல் வானொலியில் பிறந்த 'கைடிங் லைட்' 1952-இல் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்தது. 1981-இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் நடந்த ஒரு திருமணத்தைச் சுமார் மூன்று கோடிப் பேர் கண்டனர். அதன்பின் சரிவு வந்தது. பெண்கள் பெருந்தொகையாக அலுவலகங்களுக்குச் சென்றனர். கேபிள் அலைவரிசைகள் பெருகின. 1995-இல் ஓ.ஜே. சிம்ஸன் வழக்கு விசாரணையின் நேரடி ஒளிபரப்புக்காகத் தொடர்கள் அடிக்கடி நிறுத்தப்பட்டன. அப்பொழுது விலகியவர்களிற் பலர் திரும்பவேயில்லை.

நேயர் தொகை குறைந்ததும் செலவு குறைக்கப்பட்டது. 'கைடிங் லைட்' இறுதிக் காலத்தில் அரங்க அமைப்புகளைக் குறைத்து, நியூ ஜெர்ஸியின் பீபாக் என்னும் சிற்றூரில் கைக் காமிராக்களால் படமாக்கப்பட்டது. செலவு குறையக் குறையப் பழைய பொலிவும் மங்கியது. பொலிவு மங்கவே நேயர்கள் மேலும் விலகினர். எது காரணம், எது காரியம் என்று பிரித்துக் கூற இயலாத நிலை அது. 72 ஆண்டுகள் வாழ்ந்த அந்நாடகம் 2009 செப்டம்பர் 18 அன்று முடிவுற்றது. 2011-இல் ஏ.பி.சி. நிறுவனம் 'ஆல் மை சில்ட்ரன்' தொடரை நிறுத்தி, அந்நேரத்தில் குறைந்த செலவில் சமையல் உரையாடல் நிகழ்ச்சியொன்றைத் தொடங்கியது. 1965 முதல் என்.பி.சி.யில் வந்த 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022-இல் இணையச் சேவைக்கு மாற்றப்பட்டது. இணையத்தில் பழகாத முதியோர் பலருக்கு அது பிரிவாகவே முடிந்தது.

எனினும் 2025 பிப்ரவரியில் சி.பி.எஸ். 'பியாண்ட் தி கேட்ஸ்' என்னும் புதிய பகல் தொடரைத் தொடங்கியது. அதன் தயாரிப்பில் பிராக்டர் அண்டு காம்பிளும் பங்குகொண்டது வியப்பன்று.

இந்தச் சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாது? ஒலிபரப்பு நிறுவனங்களின் பற்று பெரும்பாலும் விளம்பரதாரரின் பணத்தையே சார்ந்திருந்தது. நேயர்களின் பற்றோ கதைமாந்தர்பால் வேரூன்றியிருந்தது. எத்தனை பேர் கேட்டனர் என்பதைக் கணக்கெடுப்புக் கூறும். தாய் கேட்ட கதையை மகளும், மகள் கேட்டதைப் பேத்தியும் கேட்டுவந்த உறவை அக்கணக்கு காட்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சியை நிறுத்துமுன் அவ்வுறவையும் எண்ணிப் பார்ப்பது ஒலிபரப்புவோர் கடமை என்பதே நம் கருத்து.