காருக்குள் மழை

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் காருக்குள் குளம் கட்டிவிட்டது. மிகையாகச் சொல்லவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலை வைத்தால் 'சளக்' என்று சத்தம் வந்தது. மேட்டைத் தூக்கினால் கார்பெட்டில் பிழிந்தெடுக்கலாம் போல ஈரம். இரண்டே நாளில் ஊறப்போட்ட சாக்கு மாதிரி ஒரு வாடை. அப்பா ஆசையாக செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் அது.

முதலில் வந்த மெக்கானிக் முன் கண்ணாடியின் ஓரத்தைக் காட்டி, "இங்கேதான் சார் ஒழுகுது" என்று சிலிகான் பூசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மழை, மறுபடியும் குளம். இரண்டாவது மெக்கானிக் கதவின் பீடிங் ரப்பரையே மாற்றினார். காசு போனது, தண்ணீர் போகவில்லை. தரைத் தகடு துருப்பிடிப்பதற்குள் விற்றுவிடலாம் என்று அப்பா முடிவே செய்துவிட்டார்.

கடைசியாக வந்தவர் வயதான ஒரு டிங்கர். அவர் காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்தார். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு, மக்கிப்போன வேப்பிலையைப் பிடி பிடியாக எடுத்து வெளியே போட்டார். தேங்கியிருந்த தண்ணீர் முன் சக்கரத்துக்குப் பின்னால் கொடகொடவென்று கொட்டியது. அவ்வளவுதான்!

"தண்ணி வர்றத யாராலயும் தடுக்க முடியாது தம்பி. போற வழிய அடைக்காம வச்சிக்கணும்" என்றார்.

அந்த வாக்கியம் மனதில் ஒட்டிக்கொண்டது. காருக்கும் மழைக்கும் நடந்த சண்டை எப்போது தொடங்கியது, யார் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூரையே இல்லாத காலம்

முதல் கார்களில் ஒழுக்கு என்ற பிரச்சினையே கிடையாது. ஏனென்றால் கூரையே கிடையாது! 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி, எஞ்சின் பூட்டிய ஒரு திறந்த குதிரை வண்டி போலத்தான் இருந்தது. மழை வந்தால் உட்கார்ந்திருப்பவர் நனைவார். ரப்பர் பூசிய துணியில் மழைக்கோட்டு போட்டுக்கொள்வார். அந்தத் துணியை ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் 1823-லேயே உருவாக்கியிருந்தார். ஆக, மழையைத் தடுப்பது மனிதனின் வேலை, வண்டியின் வேலை அல்ல.

1903-ல் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க் சென்றிருந்தபோது, பனி மழையில் டிராம் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாமல் படும் பாட்டைக் கண்டு அவருக்கு வந்த யோசனை அது. அதை வைத்து அவர் பணம் எதுவும் சம்பாதிக்கவில்லை என்பது தனிக்கதை.

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார்களிலும் பெரும்பாலானவை மடக்கும் துணிக்கூரை கொண்டவை. மழை வந்தால் வண்டியை நிறுத்தி, கூரையை இழுத்து, பக்கவாட்டில் திரைகளை மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும் என்று இன்றைக்கு நாம் கிண்டல் செய்யலாம். ஆனால் அப்போது யாரும் "என் கார் ஒழுகுகிறது" என்று புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒழுகாத காரை அவர்கள் பார்த்ததே இல்லையே!

கூரை வந்தது, புகாரும் வந்தது

1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் 10 சதவீதம்தான் மூடிய கார்கள். 1927-ல் அது சுமார் 85 சதவீதம் ஆகிவிட்டது. எட்டே வருடத்தில் இப்படி ஒரு தலைகீழ் மாற்றம். முன்பெல்லாம் மூடிய கார் பணக்காரர்களின் சொத்து. ஹட்சன் நிறுவனம் தன் எஸ்ஸெக்ஸ் காரில் மூடிய மாடலின் விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1925-ல் திறந்த மாடலைவிட மலிவாகவே விற்றது. அப்புறம் நனைய யாருக்கு ஆசை வரும்?

ஆனால் அந்தக் கூரைகளைப் பற்றித் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். வெளியில் பார்க்க இரும்புபோல இருந்தாலும், கூரையின் நடுப்பகுதி பெரும்பாலும் துணிதான். மரச்சட்டம், அதன்மேல் கம்பி வலை, பஞ்சு, அதற்கும் மேலே நீர் புகாத பூச்சுப் பூசிய துணி. முழுக் கூரையையும் ஒரே தகட்டில் அடிக்கும் அளவுக்கு அகலமான இரும்புத் தகடு அப்போது கிடைக்கவில்லை. வெயிலில் துணி காய்ந்து வெடிக்கும். விளிம்பில் தண்ணீர் இறங்கும். உள்ளே மரம் உளுக்கும். வருடா வருடம் வீட்டுக் கூரைக்குக் கீற்று மாற்றுவதுபோலக் காரின் கூரையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு எஃகு ஆலைகள் அகலமான தகடுகளை உருட்டத் தொடங்கின. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு, 1935-ஆம் வருட மாடல்களில் ஒரே தகட்டில் அடித்த முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. கூரையின் நடுவில் இருந்த பெரிய ஓட்டை அதோடு அடைபட்டது.

மிச்சம் இருந்தவை கதவும் கண்ணாடியும். அங்கே ரப்பர்தான் காவல்காரன். சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அது இல்லையென்றால் கதவு பீடிங் கோடையில் உருகி, குளிரில் உடைந்துபோகும். இருந்தாலும் இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலும் சில வருடங்களில் இறுகி வெடித்துவிடும். 1930-களில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரும், 1960-களில் ஈ.பி.டி.எம். என்ற இன்னொரு வகையும் வந்தன. இன்று பெரும்பாலான கார்களின் கதவு ஓரத்தில் இருப்பது இந்த ஈ.பி.டி.எம். ரப்பர்தான்.

இரும்புக் கூரை வந்தாயிற்று, நல்ல ரப்பரும் வரத் தொடங்கியாயிற்று. இனி ஒழுகாது என்றுதானே நினைப்போம்? இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

கீழிருந்து பெய்த மழை

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் சின்னக் கார் வேண்டும் என்று பி.எம்.சி. நிறுவனத்தின் தலைவர் லெனார்ட் லார்ட், அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் சொன்னார். (நம் ஊர் அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் இந்த பி.எம்.சி.யின் கார்தான்.) இஸ்ஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிவைத்தார், கியர் பாக்ஸை அதற்கு அடியிலேயே சேர்த்தார், 10 அங்குலச் சக்கரம் போட்டார். வெறும் 10 அடி நீளக் காரில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. 1959 ஆகஸ்ட் 26-ல் வெளியானது. அதுதான் மினி. அடிப்படை விலை 500 பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு.

மழைக்காலம் வந்ததும் மினி வாங்கியவர்களின் கால்கள் நனைந்தன. கார்பெட் ஊறியது. மினி வாங்கினால் கூடவே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் கொடுக்க வேண்டும் என்று கேலி பேசினார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கதவு, கண்ணாடி, கூரை எல்லாமே சந்தேகத்துக்கு உரியவைதான். ஆனால் மினியில் குற்றவாளி கீழே இருந்தது. காரின் தரை பல தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து வெல்டிங் செய்தது. ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். மேல் ஓடு, கீழ் ஓட்டின்மேல் படிய வேண்டும். மாற்றி வேய்ந்தால் வழிந்து வரும் தண்ணீர் நேராக இடுக்குக்குள் போகும். மினியின் தரையில் நடந்தது அதுதான். தகடுகள் படிந்த விதம் தலைகீழாக இருந்ததால், அந்த இணைப்பின் வாய் முன்னோக்கித் திறந்திருந்தது. கார் ஈரச் சாலையில் ஓடும்போது சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அந்த வாய்க்குள் புகுந்து காருக்குள் ஏறியது.

இந்த ஒழுக்கின் குணத்தைக் கவனியுங்கள். நிற்கிற காரின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வழியாக ஒரு சொட்டு உள்ளே வராது. ஓடினால்தான் வரும், அதுவும் ஈரச் சாலையில் ஓடினால்தான். போதாக்குறைக்கு 1959-ஆம் வருடக் கோடை பிரிட்டனில் வழக்கத்துக்கு மாறாக வறண்டிருந்தது. முதல் மினிகள் வெளியே வந்தது அந்த வறண்ட சாலைகளில்தான்.

முதலில் தற்காலிக வைத்தியமாக, கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி போன்ற பகுதிக்குள் நுரையைச் செலுத்தி அடைத்தார்கள். பிறகுதான் தகடுகள் படியும் முறையையே மாற்றினார்கள். நோய் வரைபடத்தில் இருந்தது, மருந்தும் அங்கேதான் கிடைத்தது.

மினிக்கு இன்னொரு நீர்க்கண்டமும் உண்டு. சோதனைக் கார்களில் இருந்ததற்கு நேர்மாறாக எஞ்சினைத் திருப்பிவைத்ததில், தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்க கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. அடைமழையில் அது நனைந்து எஞ்சின் திணறும், சில சமயம் நின்றேவிடும். உரிமையாளர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயரை விட்டு அதற்குச் சட்டை போட்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ரிப்பேர் இதுதான்!

இவ்வளவு நனைந்தும் மினி மூழ்கவில்லை. 2000-ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

தோல்வியை ஒப்புக்கொண்ட கார்

இன்றைய கார்கள் தண்ணீரை முழுக்கத் தடுப்பதாக நான் நினைத்திருந்தேன். அது தவறு. உங்கள் கார்க் கதவின் கண்ணாடிக்கு வெளியே ஒரு ரப்பர் பட்டை இருக்கிறதல்லவா? மழையில் அதைத் தாண்டித் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள், அது காருக்குள் வராமல் காக்கிறது. ஸ்பீக்கர் மாற்றுகிறவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் போச்சு. அப்புறம் எத்தனை பீடிங் மாற்றினாலும் உள்ளே ஈரம்தான்.

சன்ரூஃப் வைத்த காரிலும் இதே கதை. அதன் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால், மூலைகளில் குழாய்கள். முன் கண்ணாடிக்குக் கீழேயும் அப்படி ஒரு தொட்டி. ஏசியில் சேரும் நீரும் ஒரு குழாய் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. இவற்றில் எது அடைத்தாலும் தண்ணீர் காருக்குள் திரும்பும்.

அதனால் ஒழுக்கைத் தேடும்போது ஒரு வரிசை வேண்டும். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடும்போது மட்டும் ஈரமானால் ஏசி குழாயைப் பாருங்கள். நீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது ரேடியேட்டர் தண்ணீர், ஹீட்டரில் கசிவு. மழைக்குப் பின் மட்டும் என்றால் முதலில் எல்லா வடிகால்களையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து எதுவும் புரியாது. கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அங்கே பிடிப்பு இல்லை.

எதைச் செய்தாலும், நனைந்த கார்பெட்டைத் தூக்கிக் காயவைக்காமல் விடாதீர்கள். பல புதிய கார்களில் சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் அடியில் ஒயர்களும் மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன. துருவைவிட அந்தச் செலவு பெரியது.

எங்கள் வீட்டுக் கதையில் முதல் இரண்டு மெக்கானிக்குகளும் திறமை இல்லாதவர்கள் அல்ல. தண்ணீர் தெரிந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தார்கள், அவ்வளவுதான். மினியிலும் அப்படிப் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அந்த டிங்கர் மட்டும், தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்க வேண்டும் என்று யோசித்தார்.

அப்பா காரை விற்கவில்லை. கார்பெட் மொட்டை மாடியில் நான்கு நாள் காய்ந்தது, வாடை போக ஒரு மாதம் ஆனது. வேப்பமரமும் அங்கேயே இருக்கிறது, காரும் அதன் கீழேதான் நிற்கிறது. இலை பொறுக்கும் வேலை மட்டும் இப்போது என்னுடையது.