பாறை நிலத்தில் கம்பம் நடாமல் கோழி அடைப்பு: உறுதியாக அமைப்பது எப்படி?

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் போன்ற ஊர்களில், பல இடங்களில் ஓரடி தோண்டினாலே பாறை தட்டும். அடைப்புக்குக் கம்பம் நட முடியாமல் நாட்டுக்கோழிகளை அப்படியே மேயவிட்டால், கீரி, பருந்து, காட்டுப்பூனை, நாய் எல்லாவற்றுக்கும் அவை எளிய இரை. அவசரச் செலவுக்கென வைத்திருந்த கோழிகள் ஒரே நாளில் போய்விடலாம். கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் பொறியோ விஷமோ வைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே அடைப்பை வலுவாக அமைப்பதே வழி. குழி இல்லாத அடைப்புக்கு சாய்வு முட்டும் கல்லின் எடையும்தான் பலம்.

அளவு

ஒரு கோழிக்குச் சுமார் 10 சதுர அடி வேண்டும். 10 கோழிகளுக்கு 12 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி உயரம் போதும். தண்ணீர் தேங்காத, மர நிழல் உள்ள இடம் நல்லது.

சட்டம் அமைத்தல்

1. கரையான் ஏறாமலும் ஈரம் பிடிக்காமலும் இருக்க, தட்டையான கற்களின் மேல் 3 அங்குல சவுக்கு அல்லது தைலமரக் கம்புகளால் அடிச்சட்டம் அமைக்கவும். மூலைகளைப் பாதிப் பாதி செதுக்கிப் பொருத்தி, போல்ட் போட்டு முடுக்கவும்.

2. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கவும். இரண்டு அளவும் 14 அடி 5 அங்குலம் வந்தால் சட்டம் கோணாமல் இருக்கிறது.

3. அடிச்சட்டத்தின் மேல் 4 அடிக்கு ஒன்றாக 10 கம்புகளை நிறுத்தி, மேலேயும் அதேபோல் சட்டம் பூட்டவும்.

4. ஒவ்வொரு மூலையின் அடியிலிருந்தும் அடுத்த கம்பின் தலைக்கு, இரு பக்கமும் சாய்வு முட்டு கொடுக்கவும். இது இல்லாவிட்டால் கோடை மழைக் காற்றில் அடைப்பு சாய்ந்துவிடும். கதவு நீளப் பக்கத்தின் நடு இடைவெளியில் வரட்டும்.

5. மூலைகளின் உட்புறம், அடிச்சட்டத்தின் மேல் குறுக்காக இரண்டு கம்புகளைப் பூட்டவும். அதன்மேல் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் வலைப்பெட்டி வைத்துக் கல் நிரப்பிக் கட்டுக்கம்பியால் கட்டவும். ஒரு பெட்டி சுமார் 90 கிலோ இருக்கும்.

வலை

கீழிருந்து 3 அடி உயரம் வரை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடிக்கவும். மெல்லிய கோழி வலையை நாய் கிழித்துவிடும். அதை மேற்பகுதிக்கும் கூரைக்கும் பயன்படுத்தலாம். கூரை முழுவதும் தகரம் போட்டால் காற்று தூக்கும். ஒரு மூலையில் மட்டும் போடவும்.

கீரி சுவரை ஒட்டித்தான் தோண்டும். அதனால் அடிச்சட்டத்திலிருந்து வெளிப்புறமாக 2 அடி அகலத்துக்குத் தரையில் வெல்டு மெஷ் விரித்து, நெருக்கமாகக் கல் வைக்கவும். பாறை மேடுபள்ளமாக இருந்தால் சந்துகளைக் கல்லும் சிமென்ட் கலவையும் கொண்டு அடைக்கவும்.

பராமரிப்பு

இந்த அடைப்பு பகல் மேய்ச்சலுக்கு மட்டுமே. இரவில் கோழிகளைக் கூட்டில் அடைக்கவும். கதவுக்கு மேலும் கீழும் கொண்டி போடவும். பெருமழைக்குப் பிறகு கற்களும் வலையோரமும் நகர்ந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கவும்.