கிங் சர்க்கிளிலிருந்து கிர்க்கி வரை

போரில் அடிபட்டுத் திரும்பியவர்கள் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், அமெரிக்கா என்பார்கள். 2004இல் லாங் ஐலண்டில் மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த கிறிஸ் கார்னி என்பவர், இராக் போரில் காயம்பட்டவர்களுக்காக அமெரிக்காவின் குறுக்கே சைக்கிள் ஓட்டிப் பணம் திரட்டினார். அடுத்த வருடம் இரண்டு காலும் போன ஹீத் கால்ஹூனும் ஒரு கால் போன ரயன் கெல்லியும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 2008இல் இங்கிலாந்துக்காரர்கள் பிரான்சின் பழைய போர்க்களங்கள் வழியாக அதேபோல் ஓட்டினார்கள். நல்ல காரியங்கள்தான், மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம் நாட்டைப் பொறுத்தவரை இந்தக் கதையின் இரண்டு பாதிகளும் பம்பாயில்தான், ஆறு வருட இடைவெளியில் தொடங்கின. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இங்கே ஆள் இல்லாமல் போய்விட்டது.

நான் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வேலூர்ப் பக்கம், குடியிருப்பது பம்பாய்ச் செம்பூரில். எங்கள் படையில் ஜவான் ஒவ்வொருவரும் ‘தம்பி’தான். முதல் உலகப் போரில் அந்தத் தம்பிகளின் கம்பெனிகள் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் போயின. இந்தியப் படைகள் கப்பலேறிய முக்கியத் துறைமுகம் பம்பாய். 1914இல்தான் திறக்கப்பட்டிருந்த அலெக்சாண்ட்ரா டாக் துருப்புகளாலும் தளவாடங்களாலும் நிரம்பிக் கிடந்தது. எல்லாப் போர்முனைகளுக்கும் போன இந்தியர்களில் 74,000 பேர் வரை திரும்பவே இல்லை. திரும்பியவர்களில் கை கால் இழந்த பலரும் பம்பாயில்தான் வந்து இறங்கினார்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலைகளைக் காட்டுகிறோமே, அந்தப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியக் கட்டடம்கூட அருங்காட்சியகம் ஆவதற்கு முன் ராணுவ மருத்துவமனையாக இருந்தது.

காயம் ஆறிய பிறகு அந்த ஆட்கள் என்ன செய்வது? ஒரு கையோடு ஏர் பிடிக்க முடியாது. ஊனத்துக்கான பென்ஷன் குடும்பத்துக்குப் போதாது. கவர்னரின் மனைவி லேடி வில்லிங்டன் 1917இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கினார். ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத் தரும் குயின் மேரீஸ் டெக்னிக்கல் ஸ்கூல் அது. 1920களின் தொடக்கத்தில் பூனாவை ஒட்டிய கிர்க்கிக்கு மாறி, இன்றும் அங்கே நடக்கிறது. ஊர்ப் பெயரை இப்போது கட்கி என்று எழுதுகிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் நாங்கள் கிர்க்கி என்றுதான் சொல்வோம். அடிபட்டவனுக்குக் காசோடு சேர்த்து ஒரு வேலையும் வேண்டும் என்று நம் நாட்டில் முதலில் நினைத்தவர்களில் இந்தப் பள்ளியை நடத்தியவர்களும் உண்டு. இது முதல் பாதி.

இரண்டாம் பாதி 1923 அக்டோபர் 15. பம்பாய் வெயிட்லிஃப்டிங் கிளப்பைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா, கேகி போச்கானாவாலா, குஸ்தாத் ஹாதிராம், நரிமன் கபாடியா. மாட்டுங்காவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பேசும் நம் தமிழர்களில் பலர் இந்தப் பெயர்களைக் கேட்டதே இல்லை. பக்கத்துத் தெருவில் பார்சி காலனியை வைத்துக்கொண்டு நாம் இப்படி இருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஈரான், இராக், சிரியா வழியாகப் போய், ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கடந்து, ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி 1928 மார்ச் 18 அன்று பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். நாலரை வருடத்தில் சுமார் 71,000 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் ஆறு பேர், முழுவதையும் முடித்தவர்கள் ஹக்கீம், பாபாசோலா, பும்காரா மூவர்தான். 1931இல் வந்த அவர்கள் புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். எனக்கு இதில் மனதைத் தொடுவது அந்த இராக் வழிதான். எந்த மண்ணிலிருந்து கை கால் போனவர்கள் கப்பலில் பம்பாய் வந்தார்களோ, அதே மண்ணை நோக்கிச் சில வருடத்துக்குள் பம்பாய்ப் பையன்கள் சைக்கிள் மிதித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பாதிகளும் ஏன் சேரவில்லை? ஊனமான சிப்பாய்க்குத் தொழில் போதும், விளையாட்டு எதற்கு என்ற எண்ணம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். 1944இல் பூனாவில் செயற்கை உறுப்பு மையம் வந்தது. 1945இல் பம்பாய்–பூனா சைக்கிள் பந்தயம் தொடங்கியது. மலைப்பாதையை இங்கே காட் என்பார்கள். அதில் முந்துபவனுக்குக் ‘காட் ராஜா’ என்று பட்டம். ஒரே சாலையின் ஒரு முனையில் செயற்கைக் கால், இன்னொரு முனையில் பந்தயச் சைக்கிள். ஆனால் இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் 1948 ஜூலையில் காயம்பட்ட 16 படைவீரர்களை வில்வித்தைப் போட்டியில் இறக்கிவிட்டார். பாராலிம்பிக் பிறந்தது அதிலிருந்துதான்.

நம்மில் அந்தக் கதவைத் திறந்தவர் முரளிகாந்த் பேட்கர். ராணுவத்தின் இஎம்இ என்ற பொறியியல் படைப்பிரிவின் குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கொலாபாவில் உள்ள அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் தேறியவர், நீச்சலில் இறங்கினார். கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் பண உதவிக்கு முன்வந்தார். 1972இல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம்! இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான். பத்மஸ்ரீ கிடைக்க 2018 ஆயிற்று. இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி எங்கள் விஷயம். செம்பூர், மாட்டுங்கா, தாராவியில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் சிலர் சேர்ந்து குளிர்காலத்தில் கிர்க்கிவரை ஓட்டுகிறோம். எங்களில் ஒரு நாயக், 2002இல் மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுக்கும்போது வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்ரமில் புதைத்த கண்ணிகளைத் திரும்ப எடுத்த வேலையில் சாப்பர்கள் கொடுத்த விலை வெளியே அதிகம் தெரியாது.

செயற்கைக் காலோடு மிதிப்பதில் இரண்டு தொல்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். மடங்கினால், காலைச் செருகும் கிண்ணமான சாக்கெட்டின் பின்விளிம்பு தொடைக்கு அடியில் குத்தும். அதனால் பெடலைத் தாங்கும் கிராங்கை வலப்பக்கம் மட்டும் குட்டையாக்கினோம். இப்போது அந்தக் கால் சின்ன வட்டம் போடுகிறது, இடது கால் பெரிய வட்டம் போடுகிறது. முதலில் தள்ளாடினார், பிறகு பழகிவிட்டது. இன்னொன்று, செயற்கைப் பாதத்துக்குப் பெடல் இருப்பதே தெரியாது. பள்ளத்தில் வண்டி குதித்தால் வழுக்கிவிடும். அதற்குத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் தோல் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் வார் தைக்கக் கொடுத்தோம். இறுக்கமாகத் தைக்கச் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இறுக்கிட்டா விழும்போது வண்டியோட கால் மாட்டிக்கிடும் அண்ணாச்சி. பக்கவாட்டுல திறந்து விடுதேன், உதறினா வந்துரும்.”

அவர் சொன்னதுதான் சரி. வாரின் உள்பக்கம் சொரசொரப்பான தோல், வெளியே வழவழப்பு. பாதம் முன்னுக்கு நகராது, பக்கத்தில் உதறினால் கழன்றுவிடும். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அதிகாலையில் கிங் சர்க்கிளில் கூடி, சயான், செம்பூர், வாஷி பாலம், பன்வேல், கோபோலி என்று போவோம். எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய சாலைதான். கான்வாயின் வேகம் மிக மெதுவான வண்டியின் வேகம் என்பது பட்டாளத்துப் பாடம். அதன்படி நாயக்கை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் வருகிறோம். கோபோலிக்கு மேலே ஏற்றம் தொடங்கியதும் சிங்ரோபா கோயிலில் நிற்போம். மலைக்கு வழி காட்டிய ஆட்டிடையனின் கோயில் அது என்று கதை. அங்கே நாயக் காலைக் கழற்றி, வியர்வையில் நனைந்த உள்ளுறையான லைனரைத் துடைத்துக் காயவைப்பார். துடைக்காமல் ஏறினால் தோல் உரிந்துவிடும். பிறகு பல நாள் செயற்கைக் காலை மாட்டவே முடியாது. அவர் தயாராகும்வரை யாரும் வாட்ச்சைப் பார்ப்பதில்லை.

நூறு வருடம் பிரிந்தே கிடந்த இரண்டு பாதிகளையும் இந்தியாவில் பெரிய அளவில் சேர்த்தவர் ஐதராபாத்தின் ஆதித்ய மேத்தா. அவரும் ஒரு காலை இழந்தவர். 2013 ஆசியப் பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கியவர். அவருடைய அறக்கட்டளை எல்லைப் பாதுகாப்புப் படையோடு சேர்ந்து 2020 நவம்பர் 19 அன்று காஷ்மீரிலிருந்து கிளம்பிய பயணத்தை டிசம்பர் 31 அன்று கன்னியாகுமரியில் முடித்தது. பணியில் அடிபட்டவர்களும் மற்ற மாற்றுத்திறனாளிகளும் ஒன்றாக ஓட்டினார்கள். 3,800 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் கொரோனா காலத்தில். பம்பாய் செய்திருக்க வேண்டியதை ஐதராபாத் செய்துவிட்டது. செய்தவர்களுக்கு என் சல்யூட்.

கிர்க்கியில் 1974இலிருந்து பாராபிளீஜிக் மையம் ஒன்றும் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்ட படைவீரர்கள் அங்கே வாழ்கிறார்கள். போன தடவை அங்கே சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் எங்கள் சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி வந்து செயினையும் பிரேக்கையும் தொட்டுப் பார்த்தார். “என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க சாப்” என்றார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். காட் ஏற்றம் அதற்குத் தோதுப்படாது. லோனாவாலா தாண்டினால் கிர்க்கிவரை பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான். அந்தத் துண்டை அவர் ஓட்டுவார். வண்டியில் ஒரு பிரேக்தான் வருமாம். இரண்டாவது பிரேக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அதற்கான கேபிளைத் தாராவியில் வாங்கி வைத்தாயிற்று.